புயலுக்குப் பின் தோழியரைத் தேடி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், லூசியானா மாநிலத்தில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் பழம்பெரும் நகரம் அமைந்துள்ளது. ஒருபுறம் மிசிசிப்பிப் பேராறு. மறுபுறம் கடல் போன்ற பெரியதோர் ஏரி. இடையில் கிண்ணம் போல் கிடக்கும் அந்நகரில் ஏறத்தாழப் பாதி நிலம் கடல் மட்டத்திற்குத் தாழ்ந்தது. அங்குள்ள மக்களிடம் விந்தையான வழக்கம் ஒன்று உண்டு. புதிதாக ஒருவரைச் சந்தித்தால், "நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?" என்று கேட்பார்கள். கல்லூரியைக் கேட்பதில்லை, உயர்நிலைப் பள்ளியைத்தான் கேட்கிறார்கள். அந்த ஒரு விடையிலிருந்தே அவர் எந்தத் தெருவினர், எந்தப் பங்கினர், யாருடன் படித்தவர் என்பதையெல்லாம் ஊகித்துக்கொள்வார்களாம். வெறும் ஊர் வம்பு போலத் தோன்றும் இக்கேள்வி 2005ஆம் ஆண்டில் எவ்வளவு பயன்பட்டது என்பதை இங்கே காண்போம்.

நாம் புயல் என்று சொல்வதையே அட்லாண்டிக் கடற்பகுதியில் ஹரிக்கேன் என்கிறார்கள். மணிக்கு 119 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் சுழன்றடிக்கும் காற்றுக்கே அப்பெயர் வழங்கும். 2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை காலையில் கரையேறிய ஹரிக்கேனுக்குக் கத்ரீனா என்று பெயர். அதன் காற்று மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. ஆயினும் நகரை அழித்தது காற்றன்று, நீரே. கடலும் ஏரியும் பொங்கி எழ, கால்வாய்களின் கரைகளும் தடுப்புச் சுவர்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் உடைந்தன. அவற்றுள் சில, நீர் மேலே வழிவதற்கு முன்பே அடித்தளம் பெயர்ந்து சாய்ந்தவை. வலுவாகக் கட்டியிருந்தால் நின்றிருக்கும் என்று பொறியியலறிஞர்கள் பின்னர் ஆராய்ந்து கூறினர். நகரின் நூற்றில் எண்பது பங்கு நீரில் மூழ்கியது. அந்நீரை இறைத்து முடிக்க ஆறு வாரங்கள் ஆயின.

முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று மேயர் ஆணையிட்டிருந்தார். வாகன வசதி உள்ளவர்கள் வடக்கேயும் மேற்கேயும் சென்றனர். இரண்டு மூன்று நாள்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணிப் பலர் மாற்றுடை சிலவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டனர். வசதியற்ற ஏழைகளும் முதியோரும் நோயாளிகளும் தங்கிவிட்டனர். பெரிய விளையாட்டரங்கு ஒன்றில் பல்லாயிரவர் ஒண்டிக்கொண்டனர். பின்னர் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றி, டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகருக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள். எந்தப் பேருந்து எங்கே போகிறது என்பது ஏறியவர்களுக்கே தெரியாமல் இருந்ததும் உண்டு. இவ்வாறு ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சியில் அமர்ந்திருந்த சிறுமியர் ஒரு வாரத்திற்குள் பல மாநிலங்களில் சிதறிவிட்டனர்.

இனி ஒருவரையொருவர் எப்படித் தேடுவது? தொலைபேசியில் அழைத்தால் போதாதா என்று நாம் கேட்கலாம். புயல் வீசிய பகுதிகளில் 30 இலட்சத்திற்கு மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. ஆயிரத்திற்கு மேற்பட்ட கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. இதைவிட வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் கைபேசி எண்கள் 504 என்று தொடங்கும். அவ்வெண்ணுக்கு வரும் அழைப்பு முதலில் அந்நகரத்து இணைப்பகத்திற்குச் சென்று, பிறகே உரியவரைத் தேடிச் செல்லும். இணைப்பகமே முடங்கிக் கிடந்தால் என்ன ஆகும்? ஹூஸ்டனில் நல்ல கோபுரத்தின் அடியில் நிற்கும் சிறுமியின் கைபேசியும் ஒலிக்காது. அவளைத் தேடுபவர்களோ, அவள் நீரில் அகப்பட்டுக்கொண்டாள் என்றே அஞ்சி நடுங்குவார்கள்.

எனினும் குறுஞ்செய்தி பல வேளைகளில் போய்ச் சேர்ந்தது. காரணம் எளிது. பேச்சுக்கு இருமுனைகளுக்கும் இடையே ஒரு வழி தொடர்ந்து திறந்திருக்க வேண்டும். குறுஞ்செய்திக்கு அது தேவையில்லை. அது மிகச் சிறிது. வழி அடைபட்டிருந்தால் ஓரிடத்தில் காத்திருந்து, திறந்ததும் நுழைந்துவிடும். அதுவரை குறுஞ்செய்தியைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கியிருந்த பாட்டிமார்களும் அந்த வாரத்தில் கற்றுக்கொண்டார்களாம். (நம் வீடுகளிலும் பாட்டிமார்களுக்குக் கைபேசி கற்பிப்பது நாம்தானே!)

அடுத்தது பட்டியல்கள். முகாம்கள், செய்தித்தாள்கள், செஞ்சிலுவைச் சங்கம் எனப் பலரும் தேடப்படுவோர் பெயர்களையும் நலமாக இருப்போர் பெயர்களையும் திரட்டினர். ஆனால் பட்டியல் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகிற்று. தாய் ஒரு பட்டியலிலும் மகள் வேறொரு பட்டியலிலும் தேடிக்கொண்டிருந்தால் சந்திப்பது எவ்வாறு? ஆகவே தன்னார்வலர் பலர் கூடி, சிதறிய பட்டியல்களை ஒரே அமைப்பில் சேர்த்து எழுதத் தொடங்கினர். அதில் கண்ட அனுபவம்தான் 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது ஆள் தேடும் பொதுப்பட்டியலுக்கு வழிகாட்டியது.

பெண்களைத் தேடுவதில் மேலும் ஒரு சிக்கல் இருந்தது. திருமணமானபின் அங்குப் பெரும்பாலான பெண்களின் குடும்பப்பெயர் மாறிவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் உடன் படித்தவளை எந்தப் பெயரில் தேடுவது? நம் நாட்டிலும் தந்தையின் முதலெழுத்துப் போய்க் கணவரின் முதலெழுத்து வருவதைக் காண்கிறோம். முகாமில் எழுதப்பட்டது இன்றைய பெயர். தோழிக்கு நினைவிருப்பதோ வகுப்பில் கூப்பிட்ட பெயர். இவ்விரண்டையும் சேர்த்து வைத்திருப்பது எது? பழைய மாணவியர் சங்கப் பதிவேடு! அதில் படித்த ஆண்டும் பழைய பெயரும் புதிய பெயரும் அடுத்தடுத்து நிற்கும். ஆண்டு விழா அழைப்பிதழ் அனுப்புவதற்கு மட்டுமே பயன்படும் என்று நாம் கருதும் அக்குறிப்பேட்டின் மதிப்பு இத்தகைய நாளில்தான் விளங்குகிறது.

பழைய மாணவியர் கேட்டுக்கொண்ட செய்திகளும் ஏறக்குறைய ஒரே வகையானவை. எங்கே இருக்கிறாய்? தாயார் உடன் வந்தாரா? வீட்டில் நீர் எந்த மட்டம் வரை நின்றது? நமக்குக் கணக்குக் கற்பித்த சிஸ்டர் எங்கே? ஒருத்திக்குத் தெரிந்ததை அவள் பத்துப் பேருக்குச் சொல்ல, அப்பத்துப் பேரும் தமக்குத் தெரிந்ததைச் சேர்க்க, பள்ளியின் பெயரே ஒரு முகவரியாயிற்று. தெரு மூழ்கிவிட்டது, அஞ்சல் நின்றுவிட்டது. ஆனால் "இன்ன பள்ளி, இன்ன ஆண்டு" என்ற முகவரியை எந்த வெள்ளமும் கொண்டுபோக முடியவில்லை.

நியூ ஆர்லியன்ஸ் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். 1727இல் உர்சுலா சபைக் கன்னியர் அங்கே வந்து தொடங்கிய பெண்கள் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. அக்கன்னியர் போற்றி வந்த, விரைந்து உதவும் அன்னை மரியாவே லூசியானாவின் பாதுகாவலி. புயற்காலத்தில் அன்னையின் உதவியை வேண்டி ஆலயங்களில் செபிக்கிறார்கள்.

கத்ரீனாவுக்குப் பின் பல பள்ளிகள் சேற்றில் கிடந்தன. இயேசு சபையாரின் ஆண்கள் பள்ளி ஒன்று, ஹூஸ்டனில் உள்ள தம் சபைப் பள்ளியில் மாலை வேளைகளில் வகுப்பு நடத்தியது. நம் மனத்தைக் கவர்வது வேறொரு முயற்சி. திருக்குடும்பச் சபைக் கன்னியரின் தூய மரியன்னை பெண்கள் பள்ளி, தூய அகுஸ்தீன் ஆண்கள் பள்ளி, சேவியர் பெண்கள் பள்ளி ஆகிய மூன்றும் கறுப்பின மாணவர்களுக்கென எழுந்தவை. ஒன்றுக்கொன்று போட்டி உள்ளவை. மூன்றும் 2006 ஜனவரியில் சேவியர் பள்ளியின் கட்டடத்தில் ஒன்றாகத் திறக்கப்பட்டன. மூன்று பெயர்களிலிருந்தும் ஆளுக்கோர் எழுத்தெடுத்து 'மேக்ஸ்' என்று அதற்குப் பெயரிட்டனர். அக்கல்வியாண்டு முடியும் வரை மூன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ்ப் படித்தனர்.

திறந்த முதல் நாளில் வருகைப் பதிவேட்டை எடுத்திருப்பார்கள் அல்லவா? நம் வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் சிஸ்டர்" என்கிறோம்; ஓரிரு இடம் காலியாக இருந்தால் காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணுகிறோம். அந்த வகுப்புகளிலோ வராதவர் வேறு மாநிலத்தில் வேறு பள்ளியில் சேர்ந்திருக்கலாம், வீடு கட்டி முடியும்வரை வராமல் இருக்கலாம், மற்றொன்றாகவும் இருக்கலாம். கேட்டு எழுதி அறியும்வரை பெயரை அடிக்கவும் இயலாது.

பெற்றோரைப் பிரிந்தோ காணாமற்போயோ பதிவான சிறுவர் சிறுமியர் தொகை 5,192. காணாமற்போன குழந்தைகளைத் தேடும் தேசிய மையம் ஒவ்வொரு பெயராகத் துருவித் தேடியது. 2006 மார்ச்சு மாதத்தில், ஏறத்தாழ ஏழு மாதங்களுக்குப் பின், கடைசிக் குழந்தையைப் பற்றியும் விடை கிடைத்தது. பெரும்பாலோர் குடும்பத்தாரைச் சேர்ந்தனர்.

பெரியவர்கள் செய்தி அவ்வளவு நிறைவானதன்று. கத்ரீனாவில் மாண்டோர் 1,833 பேர் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2023இல் அமெரிக்கத் தேசியப் புயல் மையம் கணக்கைத் திருத்தி 1,392 என்று வெளியிட்டது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்தும் எண்ணி முடியவில்லை. நகரின் கேனல் தெருவில், பழைய இடுகாடு ஒன்றில் கத்ரீனா நினைவிடம் உள்ளது. 2008 ஆகஸ்ட் 29 அன்று அங்கே இறுதியாக உடல்களை அடக்கம் செய்தனர். அவர்களுள் சிலர் யார் என்றே கண்டறிய முடியவில்லை. சிலருடைய பெயர்கள் தெரிந்தன. ஆயினும் அவர்களைத் தேடி எவரும் வரவில்லை.