தோலின் பயன்

கனியின் சுவைமிக்க சதையை உண்டு, தோலைக் குப்பையில் எறிவது பலருடைய வழக்கம். தோல் கனியைக் காக்கும் உறை மட்டுமன்று. பல கனிகளில் அஃது உண்பவரின் உடலைக் காக்கும் உணவும் ஆகும்.

தோலில் மிகுந்திருப்பது நார்ப்பொருள். தாவர உயிரணுக்களின் சுவர்கள் செல்லுலோஸ், பெக்டின் முதலிய பொருள்களால் ஆனவை. இவற்றைச் செரிக்கும் ஆற்றல் மனிதனின் செரிமான நீர்களுக்கு இல்லை. செரியாத பொருளால் யாது பயன் எனச் சிலர் வினவக்கூடும். செரியாமையே அதன் சிறப்பாகும். நீரில் கரையாத செல்லுலோஸ், கழிவுக்குப் பருமன் அளித்து, அது குடலில் தங்காமல் வெளியேறத் துணைபுரிகிறது. நீரில் கரையும் பெக்டினோ கூழ்போலாகி, சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் விரைவைக் குறைக்கிறது. இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலின் அளவையும் தாழ்த்துகிறது. மேலும், பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளை உணவாகக் கொண்டு, குடற்சுவருக்கு ஊட்டமளிக்கும் அமிலங்களை ஆக்குகின்றன.

அயர்லாந்தில் 1911ஆம் ஆண்டில் பிறந்த டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர், ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டில் பல்லாண்டுகள் பணியாற்றினார். மேனாடுகளில் பெருகியிருந்த மலச்சிக்கல், குடல்வால் அழற்சி முதலிய நோய்கள் ஆப்பிரிக்கச் சிற்றூர் மக்களிடையே அரியனவாய் இருத்தலை அவர் கண்டார். அம்மக்களின் உணவில் நார்ப்பொருள் மிக்கிருந்ததே அதற்குக் காரணம் என 1970ஆம் ஆண்டையடுத்து அவர் உலகெங்கும் எடுத்துரைத்தார். அவர் கூறியவை அனைத்தும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், நார்ப்பொருள் உடல்நலத்திற்கு இன்றியமையாதது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன.

வளர்ந்தோர் ஒருவருக்கு நாள்தோறும் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. நடுத்தர அளவுள்ள ஆப்பிளைத் தோலுடன் உண்டால் ஏறத்தாழ 4 கிராம் கிடைக்கும். தோலைச் சீவிவிட்டால் அதில் பாதியே எஞ்சும். எளியோர்க்கும் எட்டும் கொய்யாவின் 100 கிராமில் ஏறத்தாழ 5 கிராம் உண்டு. பழத்தைப் பிழிந்து வடிகட்டிச் சாறாகப் பருகுவோர், சக்கையோடு இந்நலத்தையும் இழக்கின்றனர்.

தமிழர் சமையலில் தோலுக்கு இடமுண்டு. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகிறது. நார்த்தங்காயும் எலுமிச்சையும் தோலுடனேயே ஊறுகாயாகின்றன. வீணாக்காமை வீட்டுக்குச் சிக்கனமும் உடலுக்கு நலமும் ஒருங்கே தருவதை இவ்வழக்கம் காட்டுகிறது.

ஆயினும், எல்லாத் தோலும் உண்ணத்தக்கன அல்ல. பலா, அன்னாசி ஆகியவற்றின் தோல் கடினமானது. மாங்காய்த் தோலின் பால் சிலருக்கு வாயைச் சுற்றிப் புண் உண்டாக்கும். பூச்சிமருந்தும் அழுக்கும் தோலின்மேல் படிந்திருக்கலாம்; ஆதலின் ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். நார்ப்பொருளைச் சிறிது சிறிதாக மிகுத்து, போதிய நீரும் பருகுதல் நன்று.

கொய்யா, திராட்சை, பேரிக்காய் போன்றவற்றைத் தோலுடன் உண்ணும் பழக்கம் இளமையிலேயே அமைதல் வேண்டும். எறியும் முன் எண்ணிப் பார்ப்பது அறிவுடைமை.