திருச்சி தாண்டியும் வலிக்காத பைக் சீட்: சில குறிப்புகள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 700 கி.மீ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கோ ஹிமாலயனோ, வண்டி அந்தத் தூரத்தைச் சளைக்காமல் ஓடிவிடும். முதலில் சளைப்பது நம் உட்காருமிடம்தான். கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு வேறு சீட் மாட்ட நினைப்பவர்களுக்காக, இதுவரை மூன்று சீட் மாற்றிப் பார்த்தவன் எழுதுவது இது.

1. முதலில் பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்து வேறெங்காவது வையுங்கள். ஒரு பக்கம் அரை அங்குலம் தூக்கலாக உட்கார்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் எந்த சீட்டிலும் இடுப்பு வலிக்கும். காசு செலவழிக்கும் முன் இந்த இலவச வைத்தியத்தைச் செய்து பார்த்துவிடலாம்.

2. எங்கே வலிக்கிறது என்று ஒரு நீண்ட பயணத்தில் கவனித்துக் குறித்துவையுங்கள். புட்டத்தின் அடியில் இரண்டு எலும்பு முனைகளில் வலித்தால் குறை குஷனில். உள்தொடை மரத்துப்போனால் சீட்டின் ஓரம் கூர்மையாகவோ அகலம் பொருந்தாமலோ இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டு போனால் சீட் முன்பக்கம் சரிவாக இருக்கிறது. எவ்வளவு நல்ல பஞ்சு வைத்தாலும் அது தீராது. மணிக்கட்டும் தோளும் மட்டும் வலித்தால் சீட்டைத் தொடாதீர்கள், ஹேண்டில்பாரைப் பாருங்கள்.

3. கடையில் மெத்தென்று இருப்பதை நம்பவே நம்பாதீர்கள். நான் முதலில் வாங்கிய சீட் அப்படித்தான். கட்டைவிரலால் அழுத்தினால் அல்வா மாதிரி உள்ளே போனது. திண்டிவனம் வரை சொர்க்கம். விழுப்புரம் தாண்டியதும் ஏதோ உறுத்தியது. திருச்சி போய்ச் சேர்வதற்குள் நின்றுகொண்டே ஓட்டினால் என்ன என்று தோன்றிவிட்டது. காரணம் எளிது: மென்மையான ஃபோம் நம் எடையில் முழுக்க அமுங்கிவிடும். அதன்பின் நாம் உட்கார்ந்திருப்பது ஃபோமின் மேல் அல்ல, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேல். நல்ல டூரிங் சீட் முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு வண்டியில் மாட்டி, இருபது நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள். அவர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

4. உங்கள் அகலத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். வரிவரியாக உள்ளே மடிப்புள்ள அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, கெட்டியான மரப்பலகை மேல் போட்டு, வண்டி ஓட்டுவதுபோலக் கொஞ்சம் முன்சாய்ந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்து தடவிப் பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். அந்த இரண்டும் சீட்டின் தட்டையான பகுதிக்குள் தாராளமாக அடங்க வேண்டும். ஓரத்துச் சரிவில் விழுந்தால் அந்த சீட் உங்களுக்கு இல்லை.

5. வண்டியின் பெயரோடு வருஷத்தையும் சொல்லிக் கேளுங்கள். 2021-ல் வந்த கிளாசிக் 350-ன் பிரேமே வேறு. அதற்கு முந்தைய கிளாசிக்கின் ஸ்பிரிங் வைத்த சீட் இதில் உட்காராது. ராயல் என்ஃபீல்டே தன் வண்டிகளுக்கு டூரிங் சீட் விற்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் பூட்டும் கொக்கியும் தகராறு செய்யாது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் வாங்குவதானால் பழைய சீட்டைக் கையோடு எடுத்துப்போய் இரண்டையும் கவிழ்த்துவைத்து அடிப்பக்கத்தை ஒப்பிடுங்கள். மேல்துணியின் தையல் அழகை அப்புறம் ரசிக்கலாம்.

6. குஷன் கூடினால் உயரமும் கூடும். கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மி.மீ. அதில் ஓர் அங்குலம் ஏற்றினால் குள்ளமானவருக்கு சிக்னலில் கால் எட்டாது. சீட் அகலமானாலும் தொடை விரிந்து, அதே கதைதான். நெட்டையானவருக்கோ இது நன்மை, முழங்கால் மடிப்பு குறையும். ஹிமாலயன் 450-ல் சீட்டையே 825, 845 என இரு உயரங்களில் வைக்கலாம். புதிதாக வாங்குமுன் அதை மாற்றிப் பாருங்கள்.

7. மாட்டும்போது அவசரம் வேண்டாம். பழைய சீட்டின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்களை எண்ணிப் பார்த்து, புதியதில் இல்லையென்றால் கழற்றிப் பொருத்துங்கள். இது இல்லாமல் மாட்டினால் சீட் ஆடும், பிரேமில் உரசி ‘கிறீச்’ என்று கத்தும். பேட்டரி முனைகளும் வயர்களும் நசுங்காமல் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்க நாக்கை அதன் இடத்தில் நுழைத்தபின் பின்பக்கம் அழுத்த வேண்டும். பூட்டு விழுந்த சத்தம் கேட்டாலும் இரண்டு கையாலும் மேலே இழுத்துச் சோதியுங்கள். போல்ட் வகை சீட்டென்றால் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்குங்கள்.

8. பின்னால் உட்காருபவரைக் கேட்காமல் சீட் வாங்கினால் பாதி வழியில் சண்டை நிச்சயம். என் மனைவி ஒரு சீட்டை ஒரே பார்வையில் நிராகரித்தார்: “சேலை கட்டிட்டு இதுல ஏறவே முடியாதுங்க.” முதுகுச் சாய்மானம் அவ்வளவு உயரம். ஒற்றை ஆள் சீட் மாட்ட விரும்பினாலும், பின்னால் யாராவது ஏறுவார்கள் என்றால் கைப்பிடியையும் சேலை காப்புக் கம்பியையும் கழற்றக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 123 இவற்றோடு கால்மிதியையும் கட்டாயமாக்குகிறது.

9. மழைத்தண்ணீர் தையல் ஓட்டை வழியாகத்தான் உள்ளே இறங்கும். ஐப்பசி மழையில் நனைந்த ஃபோம் காய நாளாகும். மேலே துணி காய்ந்த மாதிரி ஏமாற்றிவிட்டு, உட்கார்ந்ததும் கசியும். ரெக்ஸின் தைக்கும் கடையில் ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே பாலித்தீன் விரிப்பு வைக்கச் சொல்லுங்கள், துருப்பிடிக்காத ஸ்டேப்ளர் பின் கேளுங்கள். வாட்டர் சர்வீஸில் தையல் மேல் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

10. கறுப்பு ரெக்ஸினை சித்திரை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால் தோசைக்கல். ஜெல் வைத்த சீட் சூட்டை இழுத்துக்கொண்டு ஆறாமல் கிடக்கும். நிழல் கிடைக்காவிட்டால் வெளிர்நிறத் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். காற்றோட்டமுள்ள மெஷ் கவர் வேர்வைக்கு நல்லது.

11. சீட்டையே மாற்றப் பணம் இல்லையா, காற்று மெத்தை கட்டிப் பாருங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, பலூன்போல ஊதிவிடுவது. நிறைய ஊதி, மேலே உட்கார்ந்து, அடிசீட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அளவுக்குக் காற்றை இறக்குங்கள். வாரின் தொங்கும் முனை செயினிலோ சைலன்சரிலோ படக் கூடாது.

12. பெரிய பயணத்துக்கு முந்தின நாள் புது சீட் மாட்டாதீர்கள். ஊருக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்குமாக 400, 500 கி.மீ. ஓட்டி ஃபோம் படியட்டும்.

13. கழற்றிய சீட்டைப் பாலித்தீனில் கட்டிப் பரணில் போட்டால் பூசணம் பிடிக்கும். பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், போல்ட்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அதிலேயே சேர்த்துக் கட்டுங்கள். வண்டியை விற்கும்போது பழைய சீட்டை மாட்டிக் கொடுத்துவிட்டு, நல்ல சீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.