அட்வான்ஸ் வாங்கினால் வேலையை விட முடியாதா?

மனித உரிமைச் சட்டம் பற்றித் திருப்பூர் மாவட்டத்துப் பொங்கலூர் வட்டாரத்தில் புழங்கும் தவறான எண்ணங்களில், மற்ற எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது ஒன்று உண்டு: "அட்வான்ஸ் வாங்கினவங்க கணக்கு முடியாம வேலையை விட்டுப் போகக் கூடாது, போனா போலீஸ் பிடிக்கும்." நூல் மில் விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணும், தறிக்குடோனில் குடும்பத்தோடு உழைப்பவரும், ஒடிசாவிலிருந்து ஏஜென்ட் கூட்டிவந்த இளைஞரும் இதைச் சட்டம் என்றே நம்புகிறார்கள். படித்தவர்களும் தலையாட்டுவதுதான் பொறுக்க முடியாதது.

இது ஒரு காலத்தில் சட்டமாகத்தான் இருந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் முதலாளிகளுக்காக ஆங்கிலேய அரசு 1859இல் கொண்டுவந்த சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியது. பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ மறுத்தால் 3 மாதம் வரை சிறை. அந்தச் சட்டம் 1920களிலேயே நீக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு முன் செத்துப்போன சட்டத்தைச் சொல்லித்தான் இன்றும் ஆட்களை மிரட்டுகிறார்கள்.

இன்றைய நிலை தெளிவானது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அரசை மட்டுமின்றித் தனியார் முதலாளியையும் அது கட்டுப்படுத்தும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி, கடனுக்காகவோ முன்பணத்துக்காகவோ ஒருவர் கூலியில்லாமல் அல்லது குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க நேர்ந்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், வெளியே நடமாடும் உரிமையை இழந்தாலும் அது கொத்தடிமை முறைதான். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். சங்கிலியும் சவுக்கும் தேவையில்லை. அப்படிப்பட்ட கடன் சட்டத்தின் பார்வையில் அழிந்துபோன கடன். அதை வசூலிப்பதும் குற்றம். கொத்தடிமையாக வேலை வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது, தொழிலாளியுடையது அன்று.

வாங்கிய ஒவ்வொரு அட்வான்சும் கொத்தடிமைக் கடன் ஆகிவிடாது என்பதும் உண்மை. முறையான கூலி பெற்று, விருப்பம்போல் வந்து போகும் டைலர் வாங்கிய கைமாற்று, சாதாரணக் கடன். அதைக் கேட்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் "வந்து வேலை செய்து கழி" என்று அந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. கம்பெனி கேட்டைப் பூட்டவோ ஆதார் அட்டையைப் பிடுங்கி வைக்கவோ புரோநோட்டு யாருக்கும் அதிகாரம் தருவதில்லை.

மில் விடுதிக் கேட்டில் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், போகும் நேரம், திரும்பும் நேரம், வார்டன் கையெழுத்து. பாதுகாப்புக்கு என்பார்கள். வார்டன் கையெழுத்துப் போடாத நாளில் வயது வந்த பெண் வெளியே போக முடியாது என்றால், அந்த நோட்டே நடமாடும் உரிமை பறிக்கப்பட்டதற்குச் சாட்சி. "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் 3 ஆண்டு முடித்தால் மொத்தமாகப் பணம் என்று கொங்கு மண்டல மில்கள் பல ஆள் எடுத்ததும் இந்தக் கணக்கில்தான் வரும். இரண்டரை ஆண்டில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிய பெண்ணுக்கு "ஒண்ணும் கிடையாது" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. உழைத்த மாதங்களின் கூலி பரிசுத்தொகை ஆகாது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி சொன்னது இங்கே முக்கியம்: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைப்பதே கட்டாய உழைப்பு. பசியின் நெருக்கடியும் ஒரு கட்டாயமே.

"வடக்கத்திக்காரங்களுக்கு இங்கே என்ன உரிமை?" என்பது அடுத்த தவறான எண்ணம். 14, 21, 23ஆம் பிரிவுகள் இந்திய மண்ணில் உள்ள எல்லா மனிதருக்கும் உரியவை, வெளிநாட்டவர் உட்பட. மனித உரிமை என்பது கைதிகளுக்கானது என்ற பேச்சுக்கு, உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் என்று தொடங்கும் 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையே பதில். காரில் "மனித உரிமை" என்று பலகை மாட்டியவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பது சுத்தப் பொய். சங்கம் வைக்கலாம், உதவலாம். விசாரணைக்குக் கூப்பிடவோ பஞ்சாயத்துப் பேசிப் பணம் வாங்கவோ முடியாது.

மாநில மனித உரிமை ஆணையத்தில் எல்லாப் புகாரும் கொடுக்கலாம் என்பதும் அரை உண்மை. அது அரசு ஊழியரின் அத்துமீறலையோ, உரிமை மீறலைத் தடுக்காத அலட்சியத்தையோ விசாரிக்கும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். மில் முதலாளியைப் பற்றிய கொத்தடிமைப் புகார் போக வேண்டிய இடம் மாவட்ட ஆட்சியர் அல்லது திருப்பூர் சப்-கலெக்டர் அலுவலகம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றும், மத்திய அரசுத் திட்டப்படி 30,000 ரூபாய் வரை உடனடி உதவியும் உண்டு.

மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கோட்டக் குழுவில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மூவர், சமூகப் பணியாளர் இருவர் இடம்பெற வேண்டும். அந்த இரண்டு இடங்களில் ஒன்றாவது மில் விடுதியில் இருந்து வந்த பெண்ணுக்குத் தரப்பட வேண்டும். குழுவினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதப்பட்டு, அந்த நீள நோட்டு இருக்கும் கேட்டிலேயே தொங்க வேண்டும்.