லெப்டொப் சார்ஜ் ஏறவில்லையா? கடைக்குக் கொண்டு போகுமுன் ஒரு பாடம்



2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகளின் படிப்பு போனுக்கும் கணினிக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு நமது லயங்களிலும் ஒன்றிரண்டு லெப்டொப் பார்க்கிறோம். பெரும்பாலும் பழையது, கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ வாங்கிக் கொடுத்தது. அதில் அடிக்கடி வருகிற பழுது சார்ஜர் பழுது. சின்னப் பழுதுதான். ஆனால் தெரியாமல் கடைக்குப் போனால் பெரிய செலவாகி விடுகிறது.

நாங்கள் போய்வருகிற தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். ஒரு நாள் லெப்டொப்பில் சார்ஜ் ஏறவில்லை. அக்கா டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, "போட் போய்விட்டது, மாற்றியாச்சு, 18,500 ரூபா" என்றார்கள். சீட்டுக்காசை எடுத்துக் கட்டினார். பில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தால் பழையபடியே சார்ஜ் ஏறவில்லை! "ஐயா, போட்டு மாத்தியும் ஏற மாட்டேங்குதே, இன்னும் எத்தனை நாள் பேரை இதுல கொட்டுறது?" என்று அழாத குறையாக எங்களிடம் வந்தார். பக்கத்து லயத்துப் பையனிடம் அதே மாதிரி சார்ஜர் இருந்தது. வாங்கிச் செருகினோம். உடனே ஏறியது. பழுது சார்ஜர் வயரில்தான். கடையில் அவர்களுடைய சார்ஜரைப் போட்டுக் காட்டியதால் அங்கே வேலை செய்திருக்கிறது.

இது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

1. சார்ஜரின் பாகங்கள்

சார்ஜரில் நான்கு பாகம் உண்டு. பிளக்கோடு வரும் தடித்த வயர், நடுவில் கறுப்புப் பெட்டி, பெட்டியிலிருந்து போகும் மெல்லிய வயர், முனையில் லெப்டொப்பில் செருகும் பின். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். கறுப்புப் பெட்டி அதை 19, 20 வோல்ட் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிறது.

பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபலைப் பாருங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் 19.5 வோல்ட், 3.34 அம்பியர் என்பது போல இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65 வொட். வேறு சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவு அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. பின்னும் பொருந்த வேண்டும். இந்த எண்களை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

2. வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

வரிசை மாறாமல் பாருங்கள்.

(அ) அதே பிளக் பொயின்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். போனும் ஏறாவிட்டால் பழுது பொயின்டில்தான். நம் வீடுகளில் உருண்டைப் பின் பொயின்டுக்குச் சதுரப் பின் பிளக்கைச் செருக அடெப்டர் போடுகிறோம். அது ஆடினால் கரண்ட் விட்டுவிட்டு வரும்.

(ஆ) தடித்த வயரைப் பல சார்ஜர்களில் பெட்டியிலிருந்து கழற்றலாம். சுவிச்சை நிறுத்திவிட்டுக் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள். அதே மாதிரி வேறு வயர் கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். இந்த வயர் மட்டும் தனியாகவும் விற்கிறார்கள்.

(இ) பெட்டியில் சின்ன லைட் இருந்தால் அது எரிகிறதா பாருங்கள். லெப்டொப்பில் செருகாதபோது எரிந்து, செருகியதும் அணைந்தால் ஒன்றில் பெட்டி பலவீனம், அல்லது லெப்டொப்புக்குள் ஷோட்.

(ஈ) பின்னுக்குப் பக்கத்திலும் பெட்டிக்குப் பக்கத்திலும் மெல்லிய வயரை இலேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது சார்ஜ் வந்து வந்து போனால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. சுருட்டிச் சுருட்டி வைப்பதால் அதிகமாக அறுவது இந்த இரண்டு இடத்தில்தான்.

(உ) லெப்டொப்பை நிறுத்தி, சார்ஜரையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெட்டரி கழற்றக் கூடியதென்றால் அதையும் முதலில் கழற்றுங்கள். பிறகு திரும்பப் போட்டுப் பாருங்கள். சில சமயம் இதிலேயே சரியாகும்.

(ஊ) சார்ஜ் 60 அல்லது 80 வீதத்தில் நின்றால் பயப்பட வேண்டாம். பெட்டரி நீண்ட நாள் உழைப்பதற்காகச் சில லெப்டொப்களில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் பிள்ளைகளே மாற்றலாம்.

(எ) கடைசியாக, வோல்ட்டும் பின்னும் ஒத்த வேறு சார்ஜரை யாரிடமாவது இரவல் வாங்கிப் போடுங்கள். இதுதான் முக்கியமான சோதனை. அதில் ஏறினால் பழுது உங்கள் சார்ஜரில். அதிலும் ஏறாவிட்டால் மட்டுமே லெப்டொப்பின் செருகும் துளை, பெட்டரி, போட் என்று யோசிக்க வேண்டும்.

3. செய்யக் கூடாதவை

கறுப்புப் பெட்டியை உடைத்துத் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும்; அடித்தால் உயிருக்கே ஆபத்து. தடித்த வயர் வெடித்திருந்தால் டேப் சுற்றிப் பாவிக்காமல் மாற்றுங்கள். பெட்டியை மெத்தை, கம்பளிக்கு அடியில் வைக்காதீர்கள். சூடு வெளியே போக வேண்டும். அடுப்படியிலும் ஈரத் தரையிலும் வேண்டாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். வானம் இருட்டும்போதே பிளக்கைக் கழற்றி விடுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

4. கடையில் கொடுக்கும்போது

* லெப்டொப்பையும் சார்ஜரையும் சேர்த்தே கொடுங்கள். உங்கள் சார்ஜரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.
* லெப்டொப்பின் அடியில் இருக்கும் இலக்கத்தைப் போனில் படம் பிடித்துக் கொள்ளுங்கள்.
* ஒப்படைத்ததற்கு ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். திகதியும் என்ன பழுது என்பதும் அதில் இருக்கட்டும்.
* "பார்த்துவிட்டு என்ன செலவு என்று முதலில் சொல்லுங்க. நாங்க சரி சொன்ன பிறகு வேலையைத் தொடங்குங்க" என்று சொல்லுங்கள். பார்க்க மட்டும் எவ்வளவு எடுப்பார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள்.
* மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.
* பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில் வாங்குங்கள்.

இதையெல்லாம் கேட்பது சண்டை பிடிப்பதல்ல. நேர்மையான கடைக்காரர் கோபப்பட மாட்டார். நாம் கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்கிறோம் அல்லவா, அது போலத்தான்.

5. அநியாயமாகக் காசு எடுத்தால்

முதலில் அமைதியாகப் போய்ப் பேசுங்கள். தனியாகப் போகாமல் விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். என்ன பாகம் மாற்றினார்கள், பழைய பாகம் எங்கே என்று கேளுங்கள். சரிவராவிட்டால் கடிதம் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"..... ஆம் திகதி எனது லெப்டொப்பைத் திருத்தத் தங்களிடம் கொடுத்தேன். போட் மாற்றியதாகக் கூறி ..... ரூபா பெற்றுக்கொண்டீர்கள். ஆனால் பழுது நீங்கவில்லை. வேறு சார்ஜரில் லெப்டொப் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே மாற்றிய பாகத்தைக் காட்டும்படியும், செய்யாத வேலைக்கு எடுத்த பணத்தை ..... ஆம் திகதிக்குள் திருப்பித் தரும்படியும் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்."

அதற்கும் பதில் இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி இலக்கம் 1977. மாவட்டச் செயலகத்திலும் விசாரிக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தரத்தான் வேண்டும். காசு வாங்கிச் செய்யும் வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. முறைப்பாட்டை எழுத்தில், வேலை செய்து தந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாளைக் கடத்தாதீர்கள். தமிழிலேயே எழுதலாம். சின்னப் பணத் தகராறுகளை உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் கொண்டு போகலாம். அங்கே வக்கீல் செலவு கிடையாது.

அந்த அக்காவின் விஷயம் என்னவாயிற்று? நாங்களும் கூடப் போனோம். கடைக்காரரால் பழைய போட்டைக் காட்ட முடியவில்லை. முதலில் குரலை உயர்த்தினார். கடிதம் கொடுத்த நாலாம் நாள் 12,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சம் 6,500 ரூபாவுக்கு, "நான் அவ்வளவு வாங்கவே இல்லை" என்று சாதித்தார். பில் இல்லாததால் எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. மழையில் நனைந்து எடுத்த கொழுந்தின் காசு, ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் போனது. கிடைத்த பணத்தில் அக்கா புது சார்ஜர் வாங்கினார். மகள் திரும்பப் படிக்கத் தொடங்கிவிட்டாள். சார்ஜர் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஞாபகப் பயிற்சி

பிள்ளைகள் இந்தக் கேள்விகளை வாசிக்க, பெற்றோர் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. உங்கள் வீட்டுச் சார்ஜரின் வோல்ட், அம்பியர் என்ன?
2. பழுது சார்ஜரிலா லெப்டொப்பிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
3. கடையில் கேட்டு வாங்க வேண்டிய கடதாசிகள் எவை?
4. முறைப்பாட்டை எத்தனை மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்?

பதில் தெரியாவிட்டால் பாடத்தைத் திரும்ப வாசியுங்கள். கடிதம் எழுத உதவி தேவையென்றால் நலன்புரி அலுவலகத்துக்குத் தயங்காமல் வாருங்கள். வரும்போது பில்லையும் கொண்டு வாருங்கள்.