தீர்மானப் புத்தகத்தைப் படித்துப் பார்ப்போம்

அரசுப் பள்ளி யாருடையது? சர்க்காருடையது என்று சிலர் சொல்வார்கள். தலைமையாசிரியருடையது என்று சிலர் நினைப்பார்கள்.

ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்தான் அதிகம் இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது, பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை.

இது பலருக்குத் தெரியாது. குழுவில் இருக்கிறவர்களுக்கே தெரியாத ஊர்களும் உண்டு. "புத்தகம் வரும். கையெழுத்துப் போடச் சொல்வாங்க. போடுவோம்" என்பார்கள். முன்பு கைநாட்டு வைத்தார்கள். இப்போது பெயர் எழுதுகிறார்கள். படிக்காமல் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே?

இந்தக் குழுவின் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. டில்லியில் எஸ்.எம்.சி. என்று சொல்வார்கள். கர்நாடகத்தில் எஸ்.டி.எம்.சி. என்பார்கள். அங்கே 2001-ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட குழுக்கள் வந்துவிட்டன. நாடு முழுவதற்குமான சட்டம் 2009-இல் நிறைவேறியது. கல்வி உரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். 2010 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கல்வி தர வேண்டும் என்று சொல்லும் சட்டம் அது. அதன் 21-ஆம் பிரிவில்தான் இந்தக் குழு வருகிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு கிடையாது.

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஒரு குழுவில் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். 9 பேர் பெற்றோர். மீதி 3 பேர் ஊராட்சி உறுப்பினர், ஆசிரியர், ஊரில் கல்வியில் அக்கறை உள்ள ஒருவர் என்று இருப்பார்கள். 12 பேரில் 6 பேராவது பெண்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்களோ, அதற்கேற்ப அவர்களுடைய பெற்றோருக்கும் இடம் தர வேண்டும். எண்ணிக்கை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மத்திய அரசு 2010-இல் மாதிரி விதிகளை வெளியிட்டது. அதன்படி குழுவின் தலைவர் பெற்றோரில் ஒருவராக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுகிறவர். தலைவர் நாற்காலி அவருக்கு உரியதில்லை. மாதம் ஒரு முறையாவது கூட்டம் நடக்க வேண்டும். கூட்டத்தில் பேசி முடிவு செய்ததை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். எழுதி வைக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் தீர்மானப் புத்தகம் என்கிறோம்.

கூட்டம் எத்தனை மணிக்கு? இது சின்ன விஷயம் போலத் தெரியும். பகல் 11 மணிக்குக் கூட்டம் என்றால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் வரமாட்டார்கள். பிறகு வீட்டுக்கே புத்தகம் வரும், கையெழுத்துக்கு. கூட்ட நேரத்தை மாற்றுவதே முதல் தீர்மானமாக இருந்தாலும் தப்பில்லை.

இனி பணத்துக்கு வருவோம்.

மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து சமக்ர சிக்ஷா என்ற திட்டத்தை 2018 முதல் நடத்துகின்றன. அதன்படி அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்களோ அதைப் பொறுத்துத் தொகை மாறும். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை 50,000 ரூபாய். அதற்கு மேல் 1,000 பிள்ளைகள் வரை 75,000 ரூபாய். ஆயிரத்துக்கும் மேல் என்றால் ஒரு லட்சம் ரூபாய். இதில் பத்தில் ஒரு பங்காவது துப்புரவுக்குச் செலவழிக்க வேண்டும்.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே 84 பிள்ளைகள். அப்படியானால் மானியம் 25,000 ரூபாய். அந்தப் பள்ளியின் செலவுக் கணக்கு இப்படி இருக்கிறது:

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது – 9,000 ரூபாய்
பதிவேடு, சாக்பீஸ், காகிதம் – 3,400 ரூபாய்
குழாய் மாற்றியது – 1,600 ரூபாய்
துடைப்பம், பினாயில், சோப்பு – 2,500 ரூபாய்
கரண்ட் பில் – 2,300 ரூபாய்
இதர செலவு – 6,200 ரூபாய்

கூட்டிப் பாருங்கள். 25,000 சரியாக வருகிறது. துப்புரவுக்கும் பத்தில் ஒரு பங்கு, 2,500 ரூபாய் இருக்கிறது. கணக்கு சரிதான் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

ஆனால் குழுவில் உள்ள ஒரு தாய் கடைசி வரியில் விரலை வைக்கிறார்.

"சார், இதர செலவுன்னா என்னங்க?"

"சில்லறைச் செலவும்மா. அது இதுன்னு வரும்ல."

"6,200 ரூபாயா சார்? கிட்டத்தட்ட கால் பங்கு வருதே."

கூட்டம் அமைதியாகிவிடுகிறது. பக்கத்தில் இருந்தவர், "விடும்மா, சார் நல்லவரு" என்கிறார். தலைமையாசிரியர் நல்லவராகவே இருக்கலாம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து பாடப் புத்தகங்களை ஆட்டோவில் ஏற்றி வந்திருப்பார். அதற்கு ரசீது இருக்காது. மானியம் தாமதமாக வந்திருக்கும். அதுவரை தம் கைப்பணத்தைப் போட்டுச் செலவு செய்திருப்பார். இப்படிச் செய்கிற ஆசிரியர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அப்படியே இருந்தாலும் அதை எழுத வேண்டும். ஆட்டோ வாடகை இவ்வளவு, பூட்டு சாவி இவ்வளவு என்று வரிவரியாக எழுத வேண்டும். எழுதினால் அவருக்கும் நல்லது. நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால் குழுவே அவருக்குச் சாட்சியாக நிற்கும்.

கேள்வி கேட்பதைச் சண்டை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நினைப்பார்கள். "உம் பிள்ளைதானே அங்க படிக்குது, பாத்து நடந்துக்க" என்று காதில் சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பயம் பொய்யான பயம் இல்லை. அதனால்தான் தனியாகக் கேட்காமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்பது நல்லது. "எல்லாருக்கும் புரியும்படி கணக்கை ஒரு தடவை சத்தமா வாசிங்க சார்" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

புத்தகம் கன்னடத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ இருக்கலாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் என்ன செய்வது? வாசித்துச் சொல்லச் சொல்லலாம். எண்களையாவது தம் கண்ணால் பார்த்து, தம் நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

சரி, கேள்வி கேட்டால் ஏதாவது நடக்குமா? நாகாலாந்தில் நடந்ததைப் பார்ப்போம்.

நாகாலாந்து வடகிழக்கில் உள்ள மலை மாநிலம். பல கிராமங்களுக்குப் போகவே கஷ்டம். சில ஆசிரியர்கள் சம்பளம் வாங்கினார்கள், ஆனால் பள்ளிக்குச் சரியாக வரவில்லை. மேலதிகாரியோ தூரத்து ஊரில் இருந்தார். யார் வந்தார், யார் வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? கிராமத்தாருக்கு அது தினமும் தெரியும். ஆனால் அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

2002-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்தைக் கவனிக்கும் பொறுப்பு கிராமக் கல்விக் குழுவுக்கு வந்தது. ஆசிரியர்களின் சம்பளப் பணமும் குழு வழியாக வந்தது. சொல்லாமல் லீவு போட்டால் அந்த நாள் சம்பளத்தைக் குழு பிடித்துக்கொள்ளலாம். வேலை இல்லையேல் கூலி இல்லை என்பதே விதி. பிடித்த பணம் அந்தப் பள்ளியின் தேவைக்கே போனது. 2008-இல் ஐக்கிய நாடுகள் சபை இந்த ஏற்பாட்டுக்கு விருது கொடுத்தது.

இப்படி ஒரு விதி இருந்தால் போதும், எல்லா ஊரும் சரியாகிவிடும் என்று சொல்லிவிட முடியாது. வராத ஆசிரியர் பெரிய வீட்டு மாப்பிள்ளையாக இருந்தால் சம்பளத்தைப் பிடிக்கக் குழுவுக்குத் துணிச்சல் வர வேண்டுமே! பெரும்பாலான மாநிலங்களில் சம்பளத்தைப் பிடிக்கும் அதிகாரம் குழுவுக்கு இப்படித் தரப்படவில்லை. ஆசிரியர்கள் ஒழுங்காக வருகிறார்களா என்று கவனிக்கும் பொறுப்பு மாதிரி விதிகளில் இருக்கிறது. வராவிட்டால் தேதி போட்டுத் தீர்மானம் எழுதி மேலே அனுப்பலாம்.

பிள்ளைகளின் அன்றாட நிலையும் குழுவின் கவனத்துக்கு வர வேண்டியதுதான். பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகும்படி நடத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். நல்ல குடிநீர் வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்களும், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்களும் இருக்க வேண்டும். மேலே சொன்ன 84 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இரண்டு பேர்தான் இருந்தால், ஒரு ஆசிரியர் குறைகிறார். இதை எழுதி அனுப்பக் குழுவுக்கு உரிமை உண்டு. கிடைக்கும் வரை மறுபடியும் மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

மதிய உணவையும் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு அரிசி அல்லது கோதுமை 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம். இன்று 80 பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்றால் பருப்பு எவ்வளவு? 1,600 கிராம். அதாவது 1 கிலோ 600 கிராம். சாம்பார் தண்ணீராக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வழிகாட்டுதல்களின்படி பரிமாறுவதற்கு முன் ஒரு ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும். குழுவில் உள்ள தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு போகலாம். சமையல்கார அம்மாவைத் திட்டுவதற்காக அல்ல. பருப்பும் காய்கறியும் அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

குழு இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். அது பள்ளி வளர்ச்சித் திட்டம். அடுத்த 3 ஆண்டுகளில் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்து எழுதும் திட்டம் அது. குழு அமைந்த நிதியாண்டு முடிய 3 மாதம் இருக்கும்போதே இதை எழுதி முடிக்க வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஆகவே டிசம்பருக்குள் திட்டம் தயாராக வேண்டும். பல இடங்களில் போன தடவை எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். பள்ளியை ஒரு முறை சுற்றிப் பார்த்து, பிள்ளைகளையும் கேட்டு எழுதினால் திட்டம் வேறு மாதிரி இருக்கும். எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது பெண் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கூடிப் படிக்க

ஒரு தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது:

"தீர்மானம் 2: மாணவிகள் கழிப்பறைக் கதவைச் சீர் செய்வது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

இதைச் சத்தமாக வாசியுங்கள். எவ்வளவு செலவாகும் என்று இதில் இருக்கிறதா? எந்தப் பணத்திலிருந்து? யார் பொறுப்பு? எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்? நால்வர் நால்வராக உட்கார்ந்து பேசுங்கள். விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து, இந்தத் தீர்மானத்தை உங்கள் நோட்டில் புதிதாக எழுதுங்கள். கீழே கையெழுத்தும் தேதியும் போடுங்கள்.