திருவண்ணாமலையில் ஹிப்-ஹாப், ஹவுஸ் இசை நிகழ்ச்சி நடத்தும் முறை

ராப் பாடலில் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஹவுஸ் இசையில் அடித்தாளம் உடம்பில் இறங்க வேண்டும். பக்தர்கள் இரவிலும் மலையைச் சுற்றி நடக்கும் ஊரில் இவ்விரண்டையும் ஒரே மேடையில் தர, கலைஞரைத் தேடுமுன் நாளையும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும்.

1. நாள்: மலையைச் சுற்றும் கூட்டம் பெருகும் பௌர்ணமியையும் கார்த்திகை தீப நாள்களையும் தவிர்க்க வேண்டும். பௌர்ணமித் திதி பெரும்பாலும் இரண்டு நாள்களில் படரும். அதன் தொடக்கத்தையும் முடிவையும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

2. இடம்: அடி அண்ணாமலை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலேயே இருப்பதால், அங்கே திறந்தவெளி மேடை பொருந்தாது. பாதையிலிருந்து விலகிய, நகருக்குள் உள்ள மூடிய மண்டபமே ஏற்றது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

3. அனுமதி: ஒலிபெருக்கிக்கு எழுத்துவழி அனுமதி தேவை, அதற்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55 டெசிபெல். பொது இடத்தின் எல்லையில் அதைவிட 10 வரை கூடலாம். எந்தப் பகுதியிலும் 75ஐத் தாண்டக் கூடாது.

4. பாடல் உரிமை: திருமணத்தில் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு, டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிக்குக் கிடையாது. பாடல் வரிக்கும் இசையமைப்புக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடமும், டி.ஜே. ஒலிக்கச் செய்யும் பதிவுகளுக்கு அவற்றின் உரிமையாளரிடமும் உரிமம் பெற வேண்டும்.

5. கலைஞர்: பதிவிசைக்கு மேல் பாடும் ராப்பருக்கு இரண்டு மைக் போதும். 2018இல் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' போன்ற வாத்தியக் குழுவுக்கு மைக்கும் மேடை அமைக்கும் நேரமும் பலமடங்கு தேவை. கருவிப் பட்டியல், ஊதியம், பயணம், தங்குமிடம் அனைத்தையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

6. ஒலி: மண்டபத்தின் வெறுஞ்சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலித்து ராப் சொற்களைக் குழப்பும். பின்சுவரில் கனத்த திரை, தரையில் ஜமக்காளம் இட்டால் எதிரொலி குறையும். ஹவுஸின் அடித்தாளம் சுவரைத் தாண்டிச் செல்லும். விதிகள் பயன்படுத்தும் 'ஏ' அளவுகோல் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டுவதால், ஒலி அளக்கும் மீட்டர் வரம்புக்குள் காட்டினாலும் பக்கத்து வீட்டு வாசலில் நின்று காதாலும் கேட்டு, சப்-வூஃபரைக் குறைக்க வேண்டும். மின்தடைக்கு ஜெனரேட்டர் தயாராக இருக்கட்டும்.

7. நிரல்: சிகாகோவில் பிறந்த ஹவுஸ் இசை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடி ஓடும், ராப் பெரும்பாலும் அதைவிட மெதுவானது. மாலை 5.30 முதல் கூட்டம் சேரும்வரை ஹவுஸ், பிறகு ராப்பர்கள் ஒவ்வொருவருக்கும் 25 நிமிடம், கடைசியில் மீண்டும் ஹவுஸ் என்று வைத்தால் டி.ஜே. கருவிகளை இடம் மாற்றத் தேவையில்லை.

8. முடிவு: இரவு 10 மணிக்குப் பின் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை; மூடிய அரங்கிலும் உள்ளே மட்டுமே ஒலிக்கலாம். 9.30க்கு இசையை நிறுத்தி, எல்லா வாசல்களையும் திறந்து, 10 மணிக்குள் கூட்டத்தை அனுப்பிவிட வேண்டும்.