இழுக்கும் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறை தொடங்கியதும், காருக்குப் பின்னால் ஒரு சக்கர வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றப் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிப்பறை என எல்லாம் அடங்கிய அந்த வண்டிக்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ அந்நாடுகளில் இருக்கிறார்கள். பேரக்குழந்தைகளைப் பார்க்கச் செல்லும் பெரியவர்களும் இத்தகைய பயணங்களில் சேர்ந்துகொள்கிறார்கள். சொந்தச் சமையல், தெரிந்த படுக்கை, ஓட்டல் வாடகை மிச்சம் என்று பெரியவர்களுக்கும் இது பிடித்துப் போகிறது.

ஆனால் வண்டியைப் பூட்டுமுன் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். அதில் தாத்தா, பாட்டியின் எடையும் சேரும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகக் காண்போம். பள்ளியில் நெம்புகோல் பாடம் படித்த பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

விளம்பரத் தாளில் உள்ள எண்

மினிவேன் என்பது மூன்று வரிசை இருக்கைகள் கொண்ட குடும்ப வண்டி. கிரைஸ்லர் நிறுவனம் 1984ஆம் ஆண்டு மாடலாக வெளியிட்ட டாட்ஜ் கேரவன், பிளைமவுத் வாயேஜர் ஆகிய இரண்டும் அமெரிக்காவில் இந்த வகையைப் பரப்பின. டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி, கியா கார்னிவலின் பெட்ரோல் வகை ஆகிய இன்றைய மினிவேன்களுக்கு இழுவை எல்லை 3,500 பவுண்டு வரை, அதாவது சுமார் 1,588 கிலோ. கிரைஸ்லர் பசிபிகாவின் பெட்ரோல் வகைக்கு 3,600 பவுண்டு வரை அனுமதி உண்டு. அதே பெயரில் விற்கப்பட்ட பிளக்-இன் ஹைப்ரிட் வகைக்கு இழுவை அனுமதியே இல்லை. ஆகவே வண்டியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நம் கையில் உள்ள வண்டிக்குரிய கையேட்டைப் பார்க்க வேண்டும்.

"வேன் 3,500 பவுண்டு இழுக்கும், டிரெய்லரோ 3,000 பவுண்டுதான், பிறகென்ன கவலை?" என்று கேட்பவர்கள் உண்டு. இழுக்கும் திறன் ஒன்றைத்தான் இவர்கள் பார்க்கிறார்கள். வேனின் தாங்கும் திறன் என்று இன்னொன்று இருக்கிறது. குடும்பம் பெரிதாக இருந்தால் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

மாட்டுவண்டி சொல்லும் பாடம்

கிராமத்தில் மாட்டுவண்டி பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவார்கள். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். சக்கரத்துக்குச் சற்றே முன்னால் பாரம் இருக்குமாறு ஏற்றினால்தான் வண்டி ஒழுங்காகப் போகும்.

டிரெய்லரிலும் இதே கதைதான். அதன் எடையில் பெரும்பகுதியை அதன் சொந்தச் சக்கரங்கள் சுமக்கின்றன. மீதி முன்பாரமாக, ஹிட்ச் எனப்படும் கொக்கியின் வழியே வேனின் பின்புறத்தில் இறங்குகிறது. இதை அங்கே 'டங் வெயிட்' என்பார்கள். டிரெய்லரின் மொத்த எடையில் இது 100க்கு 10 முதல் 15 பங்கு வரை இருக்க வேண்டும் என்பது பொது விதி. நாம் 12 பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

இந்த முன்பாரத்தை வேன் இழுப்பதில்லை, சுமக்கிறது. உள்ளே ஒருவர் கூடுதலாக ஏறி உட்கார்ந்தது போலத்தான். ஆகவே அது தாங்கும் திறனிலிருந்து கழிகிறது.

ஆறு பேர் குடும்பத்தின் கணக்கு

தாங்கும் திறனை எங்கே பார்ப்பது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் டயர் காற்றழுத்தம் குறித்த ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் கிலோவிலும் பவுண்டிலும் அச்சிட்டிருக்கும். ஒரு வேனில் அது 550 கிலோ என்று கொள்வோம்.

பெரியவர்கள் 4 பேர், ஆளுக்கு 70 கிலோ: 280 கிலோ
குழந்தைகள் 2 பேர், ஆளுக்கு 35 கிலோ: 70 கிலோ
வேனுக்குள் பெட்டிகள், அரிசி, குக்கர் முதலியன: 80 கிலோ
ஹிட்ச் கொக்கியும் அதன் சட்டமும்: 20 கிலோ
ஆக மொத்தம்: 450 கிலோ

மீதி 100 கிலோ. முன்பாரத்துக்கு இவ்வளவுதான் இடம். 12 பங்கு 100 கிலோ என்றால், டிரெய்லரின் முழு எடை சுமார் 830 கிலோதான் இருக்கலாம். விளம்பரத் தாளில் 1,588 கிலோ என்று இருந்தது, இந்தக் குடும்பத்துக்கு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 1,588 கிலோ டிரெய்லரையே பூட்டினால் முன்பாரம் 190 கிலோ. வேன் தன் எல்லைக்கு மேல் 90 கிலோ சுமந்துகொண்டு ஓடும்.

சில நிறுவனங்களின் கையேட்டில், வேனுக்குள் ஆட்கள் கூடக் கூட இழுவை எல்லை குறையும் என்று அட்டவணையே உண்டு. அப்படி இருந்தால் நம் கணக்கைவிட அதுவே மேலானது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்பனையாளர் சொல்வது டிரெய்லரின் வெற்று எடை. 20 காலன் தண்ணீர் நிரப்பினால் 76 கிலோ கூடும். நிரம்பிய சமையல் வாயு சிலிண்டர் சிறியதே ஆனாலும் 17 கிலோ. பேட்டரி, பாத்திரம், படுக்கை, உணவு எல்லாம் சேர்ந்தால் 200 கிலோ எளிதில் ஏறிவிடும். ஆகவே 830 கிலோ எல்லை உள்ளவர்கள் வெற்று எடை 600 கிலோ அளவில் உள்ள வண்டியைத்தான் தேட வேண்டும். கனடாவின் வின்னிபெக் நகரில் 1968இல் தொடங்கிய 'போலர்' போன்ற முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் வண்டிகளும், தாழ்வாக மடித்துக்கொண்டு போய் இடம் சேர்ந்ததும் விரிக்கும் கூடார டிரெய்லர்களும் இந்த வகையில் வருபவை. ஆறு பேர் படுப்பதற்குக் கூடார வண்டியே வசதி.

எடையைக் குறைக்க ஒரு வழி

வேனுக்குள் உள்ள 80 கிலோ சாமானில் 60 கிலோவை டிரெய்லருக்கு மாற்றி, சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் தரையில் வைத்துக் கட்டினால், அதன் பெரும்பகுதியை டிரெய்லரின் சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும். முன்பாரமாகத் திரும்பி வருவது சில கிலோதான். தண்ணீரையும் வீட்டிலேயே நிரப்பாமல், தங்குமிடத்துக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம்.

இடம் போதவில்லை என்று தாத்தாவையும் பாட்டியையும் டிரெய்லருக்குள் படுக்க வைத்து அழைத்துப் போவது கூடவே கூடாது. அங்கே பெல்ட் பூட்டிய இருக்கை கிடையாது. ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருப்பதைப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன.

முன்சக்கரம் ஏன் இலேசாகிறது?

பெரும்பாலான மினிவேன்களில் எஞ்சினின் சக்தி முன்சக்கரங்களுக்குத்தான் போகிறது. வண்டியைத் திருப்புவதும் அவைதாம். கொக்கி பின்சக்கர அச்சுக்குப் பின்னால், ஏறக்குறைய 4 அடி தள்ளி இருக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே சுமார் 10 அடி. இனி நெம்புகோல் கணக்கைப் பாருங்கள். கொக்கியில் 150 கிலோ இறங்கினால், பின் அச்சு தாங்குதானமாகி, முன் அச்சிலிருந்து 150 x 4 ÷ 10 = 60 கிலோ குறைகிறது. பின் அச்சில் 150 + 60 = 210 கிலோ கூடுகிறது. ஸ்டியரிங் பிடிப்பும், மழையில் பிரேக் பிடிப்பும் குறைவதற்கு இதுவே காரணம்.

இதைச் சரிசெய்ய, எஃகு வில் கம்பிகளால் பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் உண்டு. எல்லா மினிவேன்களுக்கும் அது அனுமதிக்கப்படவில்லை. கையேடு அனுமதித்தால் மட்டும் பொருத்தலாம். அதைப் பொருத்தினாலும் ஒட்டுத்தாளில் உள்ள எல்லை உயராது.

வால் ஆட்டம்

வேனுக்குப் பாரமாக இருக்கிறதே என்று முன்பாரத்தை 10 பங்குக்கும் கீழே குறைத்தால் வேறு ஆபத்து வருகிறது. பாரம் பின்னால் போன டிரெய்லர், பெரிய லாரி கடக்கும்போதோ குறுக்குக் காற்று அடிக்கும்போதோ இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் மிகுந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாகி, இழுக்கும் வேனையே புரட்டிவிடக் கூடும். குடும்பம் முழுவதும் அந்த வேனுக்குள்தான் இருக்கிறது. எனவே பாரம் கூடிவிட்டால் டிரெய்லரின் மொத்த எடையைக் குறைக்க வேண்டுமே தவிர, சாமானைப் பின்னால் தள்ளி முன்பாரத்தைக் குறைக்கக் கூடாது.

ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்க முயலக் கூடாது; வேனின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கைப்பிடி இருந்தால், அதை மட்டும் மெதுவாக அழுத்த, டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

பிரேக், வேகம், மலை

டிரெய்லருக்கு அதன் சொந்த பிரேக் இருப்பது நல்லது. 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்கு பிரேக் கட்டாயம் என்பது பல மாநிலங்களின் சட்டம். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே கட்டாயமாகிறது. மின்சார பிரேக் உள்ள டிரெய்லருக்கு 7 முனை இணைப்பும், ஓட்டுநர் அருகே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். 4 முனை இணைப்பு விளக்குகளுக்கு மட்டுமே பயன்படும்.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர். மற்ற மாநிலங்களிலும் இதை ஒட்டி ஓட்டுவது நலம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. உயரமான டிரெய்லர் எடை குறைந்ததாயினும் எஞ்சினை வாட்டும். அதனால்தான் சில கையேடுகள் எடையோடு டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கும் எல்லை விதிக்கின்றன.

மலைப்பாதையில் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் 1,000 அடி ஏற்றத்துக்கும் சுமார் 100க்கு 3 பங்கு சக்தியை இழக்கும். கொலராடோ மாநிலத்தின் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே எஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறங்கத் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு மாறி, மெதுவாக இறங்க வேண்டும்.

எடைமேடை

காகிதத்தில் போட்ட கணக்கை மேடையில் சரிபார்க்கலாம். அங்கே நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் எடைமேடைகள் உண்டு. எல்லோரும் ஏறி, சாமான் ஏற்றி, டிரெய்லரைப் பூட்டிய நிலையில் ஒருமுறை நிறுத்தினால், முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றின் எடையும் தனித்தனியே கிடைக்கும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு வேனை மட்டும் இன்னொரு முறை நிறுத்தினால், இரண்டு எடைகளின் வித்தியாசத்தில் முன்பாரம் தெரிந்துவிடும்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை: கொக்கி உருண்டையின் மேல் சரியாக அமர்ந்து பூட்டியிருக்கிறதா, பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கீழே குறுக்காக மாட்டியிருக்கின்றனவா, டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் கம்பி வேனில் கட்டியிருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா, எல்லா டயர்களிலும் காற்று சரியாக இருக்கிறதா.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

ஒட்டுத்தாளில் 600 கிலோ. ஆட்கள் 200 கிலோ, சாமான் 80 கிலோ, ஹிட்ச் 20 கிலோ. இழுவை எல்லை 1,588 கிலோ. ஹிட்ச் தாங்கும் முன்பாரம் 159 கிலோ. முன்பாரம் 12 பங்கு என்றால் டிரெய்லர் எத்தனை கிலோ வரை இருக்கலாம்?

விடை: தாங்கும் திறனில் மீதி 300 கிலோ. அதன்படி 2,500 கிலோ வரலாம். ஆனால் இழுவை எல்லை 1,588தான். ஹிட்சின் எல்லைப்படி 159 ÷ 0.12 = 1,325 கிலோ. மூன்றிலும் சிறியதுதான் விடை: 1,325 கிலோ.

அடுத்த முறை அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் தொலைபேசியில் பயணத் திட்டம் சொல்லும்போது, கதவுச் சட்டத்தில் உள்ள எண் என்ன என்று கேளுங்கள். உங்கள் எடையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.